ஐஸில் கழுவிய கை

ஃப்ளோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு இது மூன்றாவது நடை. காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். எட்டு மாதமாக வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துக் கிடக்கின்றன. மரத்த வாரமே முதல் நடை வந்துவிட்டாள். மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷன் போதும். ஆனால் நரம்பு டெஸ்ட் ஒத்துக்கொண்டால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார். அந்தப் பாழாய்ப்போன மெஷினோ இரண்டு தடவையும், இரண்டு கையிலும் எல்லா நரம்பும் மந்தம், சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று சாதித்துவிட்டது. ரத்தம் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாயிற்று. சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இன்றைக்கும் ஷெட்டில் வேலை முடிந்ததும் எலுமிச்சம்பழம் தேய்த்து, ஐஸ் பெட்டித் தண்ணீரில் கையை நெடுநேரம் ஊறவைத்துவிட்டு, முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கிளம்பும்போது ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் கழுவுவார்கள். வெந்நீர் பட்டால் கவிச்சி ஒட்டிக்கொள்ளுமாம்.

டெஸ்ட் எடுக்கிற கலீலுல்லா புது ஆள். அவனும் கையுறை மாட்டிக்கொண்டு ஒயரை ஒட்டினான். சுருக்கென்று கரண்ட் பாய்ந்தது. திரையில் கோடு பழையபடி சாவகாசமாக எழும்ப, அவளுக்கு மெஷினைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. பிளாஸ்திரி கையுறையில் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்ததால் அவன் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் பிய்த்தான். சட்டென்று நிறுத்தினான்.

"இன்னாக்கா, கை இப்டி சில்லுனு கீது?"

ஐஸ் தண்ணீரில் கழுவியதை அவள் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டான். நரம்பில் ஓடுவது வீட்டு ஒயரில் ஓடுகிற கரண்ட் இல்லை என்றான். நரம்புச் சுவர் நெடுகப் பொடிப்பொடிக் கதவுகள். ஒன்று திறந்தால் உப்பின் சத்து உள்ளே பாயும், அது கொண்டுவரும் மின்சாரம் அடுத்த கதவைத் திறக்கும், சேதி அப்படித்தான் மேலே ஏறும். குளிரில் கதவுகள் மந்தமாகும். நல்ல நரம்புகூட நோயாளி போலத் தெரியும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் கையை முக்கவைத்தான். கவிச்சி குப்பென்று கிளம்ப அவளுக்கு மானமே போயிற்று. மறுபடி எடுத்தபோது மற்ற நரம்புகளில் சேதி விர்ரென்று போனது. வலது மணிக்கட்டில் மட்டும் தடுமாறியது. ஆபரேஷன் உறுதியானது.

டாக்டர் சங்கரநாராயணன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, அவள் கட்டைவிரலின் அடிச்சதையை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்திருந்தது. சேதி வராமல் சதை சூம்பிவிட்டது, மரமரப்பு குறையும், பழைய பிடி திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று கடிந்தும் கொண்டார்.

"வந்தேன் சார். இதே நாற்காலில குந்திகினு இருந்தேன்," என்றாள் ஃப்ளோரா. "என் கை நாறும்னுதான் ஐஸ்ல கழுவிக்கினு வந்தேன். அப்பக்கூட ஒருத்தரும் தொட்டுப் பாக்கல."