குன்றுக்குள் நின்ற பொம்மை ரயில்

ஒரு வாரம் விடாமல் கொட்டிய மழை ஓய்ந்து, வெயில் எட்டிப் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து அலுத்துப்போன ஊர், மதியத்துக்குள் கடற்கரைப் பூங்காவுக்குத் திரண்டு வந்துவிட்டது. குதிரை ராட்டினத்தில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் முட்டி மோதின. ஸ்கேட்டிங் தளத்தில் தேங்கியிருந்த நீரை ஒருவர் துடைப்பத்தால் தள்ளத் தள்ள, அது திரும்பி வந்துகொண்டே இருந்தது. படகுக் குளம் கரையைத் தொட்டுத் தளும்பியது.

டிரைவரம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. பூங்காவின் பொம்மை ரயிலை ஓட்டுகிறவள் அவள். நான்கே பெட்டிகள், பேட்டரியில் ஓடுகிற ரயில். குளக்கரையில் கிளம்பிப் பள்ளத்தில் இறங்கி, குன்றைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் கடலைப் பார்த்தபடி வெளியே வரும். ஓட்டிக்கொண்டே மைக்கில் பூங்காவின் சரித்திரத்தைச் சொல்வதும் அவள் வேலைதான்.

அன்றும் சொன்னாள். இந்தக் குன்றின்மேல் ஒரு காலத்தில் பீரங்கிகள் நின்றதை, குண்டுகளை வெயில் படாமல் வைக்க இந்தச் சுரங்கத்தை வெட்டியதை, சண்டை முடிந்தபின் கப்பலில் காய்ச்சலோடு வந்தவர்களை இங்கே கொட்டகை போட்டு ஒதுக்கி வைத்ததை. அந்தக் கொட்டகைகளை இடித்துவிட்டுத்தான் பூங்கா வந்தது, கடல்நீரை உள்ளே விட்டு நீச்சல் குளம் கட்டினார்கள், ராட்டினம் வந்தது, கடைசியாக ரயில். இதெல்லாம் உண்மை. இதோடு தன் பங்குக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்வாள்: "உள்ள ஒரு ரகசியப் படிக்கட்டு இருக்கு. ஆபத்துன்னா சிப்பாய்ங்க அது வழியா மேல ஏறித் தப்பிச்சிருவாங்க. கண்ணுல படுதான்னு பாத்துக்கிட்டே வாங்க!" பிள்ளைகள் கழுத்தை நீட்டி நீட்டித் தேடும். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்த நடையில் கூட்டம் குறைவு. முதல் பெட்டியில் ஒரு பல் டாக்டர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும். நடுவில், மருதாணி கூட மங்காத ஒரு புதுமணத் தம்பதி. கடைசிப் பெட்டியில் ஏறியவளைக் கண்ணாடியில் பார்த்ததும் டிரைவரம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஏறியவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கூடவே அவள் மகள், ஐந்து வயது வாலு.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சின்னவள் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டாள். பீ மூத்திரம் அள்ளியதெல்லாம் பெரியவள்தான். சாவு வீட்டுக்குச் சின்னவள் வந்து இறங்கியதும், கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், "பொணத்தைப் பாக்க மட்டும் கரெக்டா வந்துட்டா" என்று சொல்லிவிட்டாள் பெரியவள். சின்னவள் அழக்கூட இல்லை. காரியம் முடிந்ததும் போனவள்தான்; பிறகு இந்த ஊருக்கே மாற்றலாகி வந்தும் இவள் வாசல் மிதிக்கவில்லை.

"பெரியம்மா ரயில்!" என்று வாலு கத்தியது. "ஷ், உக்காரு" என்றாள் அம்மாக்காரி.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சுவரெல்லாம் ஈரம் கசிந்து மினுமினுத்தது. படிக்கட்டுக் கதையைச் சொல்லி முடித்த வாயை அவள் இன்னும் மூடவில்லை. தலைக்கு மேலே எங்கோ ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது. பிறகு தொம்மென்று ஒரு அதிர்வு. முன்னால் வட்டமாகத் தெரிந்த கடல் வெளிச்சம், யாரோ கையால் பொத்தியதுபோல் அணைந்தது.

பிரேக்கை அழுத்தினாள். ரயில் விளக்கின் ஒளியில் எதிரே மண் தெரிந்தது. ஈர மண்ணும் பாறையும் செடியுமாகக் குன்று சரிந்து வாயை அடைத்திருந்தது. மைக்கில், "ஒண்ணும் இல்லைங்க, பின்னால போயிரலாம்" என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

ரயில் பின்னோக்கி நகரத் தொடங்கியதும் கடைசிப் பெட்டியிலிருந்து சின்னவள் அலறினாள்.

"நிறுத்துங்க! தண்ணி! தண்ணி வருது!"

குன்று அதிர்ந்ததில் படகுக் குளத்தின் தடுப்புச் சுவர் உடைந்துவிட்டது. குளம் மொத்தமும் பள்ளத்தில் பாய்ந்து, நுழைவு வாயை மூழ்கடித்துக்கொண்டு உள்ளே வந்தது. முதலில் இரைச்சல் வந்தது, பிறகு குளிர்ந்த காற்று, பிறகு தண்ணீர். பேட்டரி நனைந்து ரயில் செத்தது. விளக்கும் போனது.

அப்படியொரு இருட்டை அவள் அத்தனை வருஷத்தில் அந்தச் சுரங்கத்தில் கண்டதில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பிள்ளைகள் வீரிட்டன. போன்களின் வெளிச்சம் ஒவ்வொன்றாக எழுந்தது. ஒன்றிலும் சிக்னல் இல்லை.

"எல்லாரும் இறங்கி மண்ணு பக்கம் வாங்க! அங்கதான் மேடு!" என்று கத்தினாள். பல் டாக்டர் கேட்கவில்லை. "வந்த வழியாத்தான் போகணும்" என்று மூத்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் நடந்தார். கடைசிப் பெட்டியைத் தாண்டி நாலடி வைத்திருப்பார், வெள்ளம் காலை வாரியது. தந்தையும் பிள்ளையும் உருண்டு வர, வாலுவை முதுகில் சுமந்தபடி கடைசியாக வந்துகொண்டிருந்த சின்னவள் ஒரு கையால் பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றினாள். அவர் எழுந்து நின்றபோது மூக்குக் கண்ணாடி இல்லை; பிள்ளையை இறுக்கிக்கொண்டு மண் பக்கம் திரும்பினார்.

மண் சரிவின் மேல் அத்தனை பேரும் ஒண்டிக்கொண்டார்கள். வெளியே போக வழியில்லாத தண்ணீர் அவர்கள் காலடியில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளைப் பையன் கேட்டான்.

"அம்மா, நீங்க சொன்னீங்களே அந்தப் படிக்கட்டு, அது எங்க இருக்கு?"

எல்லா வெளிச்சமும் அவள் முகத்துக்குத் திரும்பியது.

"சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம்?"

"அப்படி ஒண்ணு கிடையாது தம்பி" என்றாள். "பிள்ளைங்க சிரிக்கட்டும்னு நானா சேத்துச் சொன்னது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கல்யாணப் பெண் புருஷனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவ ஆரம்பித்தாள். டாக்டரின் மனைவி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது, பானை நிறையும்போது கேட்பதுபோல.

"காத்து வருது."

சின்னவள்தான். சரிவின் உச்சியில், கூரையோடு மண் சேரும் இடத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க. கடல் காத்து. உப்பு வாடை அடிக்குது."

டிரைவரம்மா தவழ்ந்து ஏறி முகத்தை வைத்துப் பார்த்தாள். உண்மைதான். பெட்டியின் இருக்கைப் பலகையைப் பிடுங்கி வந்தார்கள். ஒருவர் தோண்ட ஒருவர் மண்ணைத் தள்ள, நகம் பெயர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. அள்ள அள்ள மேலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் அப்படியே உறைந்துபோய்க் காத்திருந்து, மறுபடி தோண்டினார்கள். கடைசியில் ஒரு பொந்து. அதற்கப்பால் காசளவு வெளிச்சம்.

மாப்பிள்ளை நுழைந்து பார்த்தான், தோள் போகவில்லை. டிரைவரம்மாவின் உடம்புக்கு நினைத்தே பார்க்க முடியாது. சின்னவள் சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ரவிக்கையும் பாவாடையுமாக நின்றாள். கல்யாணத்தன்று உறவுக்காரர்கள் "ஊசி" என்று கேலி செய்த உடம்பு.

"நான் போறேன்."

"வேணாம்டி" என்றாள் டிரைவரம்மா. தன்னை அறியாமல் வந்த 'டி'. "மேல நிக்கிறது மண்ணு. நீ பாதியில இருக்கும்போது விழுந்துச்சுன்னா?"

"இங்கயே இருந்தா மட்டும்? வெளிய எந்தப் பக்கம் தோண்டுறாங்களோ, தோண்டுறாங்களா இல்லையோ." வாலுவைத் தூக்கி டிரைவரம்மாவின் இடுப்பில் வைத்தாள். "இவளைப் பாத்துக்கங்க அக்கா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட அக்கா. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் சின்னவள் தலையைப் பொந்துக்குள் விட்டுவிட்டாள்.

முதலில் இடுப்பு மறைந்தது. பிறகு முழங்கால். கொலுசு போட்ட பாதங்கள் மண்ணை உதைத்து உதைத்து உள்ளே போயின. காசளவு வெளிச்சமும் அவள் உடம்பால் மறைந்துபோனது. "அம்மா எங்க போறா?" என்றது வாலு. "வெளிய போய் ஆளுங்களக் கூட்டிட்டு வருவா கண்ணு."

அந்தச் சொல் முடியும் முன் மேலே மறுபடி அந்தப் பெருமூச்சு. மண் இறங்கியது. பொந்து இருந்த இடம் தெரியவில்லை.

வாலுவின் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள் டிரைவரம்மா. காற்று நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வெறுங்கையால் மண்ணைப் பறண்டினான். "விடுங்க தம்பி, இன்னும் சரியும்" என்று டாக்டர் அவன் கையைப் பிடித்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பிள்ளைகளை இன்னும் மேலே ஏற்றினார்கள்.

செத்திருப்பாள் என்றே நினைத்தாள் டிரைவரம்மா. மண்ணுக்குள் வாயைத் திறந்து அவள் மூச்சுக்குத் தவிப்பதுபோல் ஒரு நினைப்பு வந்தது; அதைத் துரத்தத் துரத்த, திரும்பத் திரும்ப வந்தது. "அம்மா வர்றாளா?" என்று குழந்தை கேட்கும்போதெல்லாம், "வர்றா, வர்றா" என்றாள். குழந்தையின் பல் குளிரில் அடித்துக்கொண்டது. தன் பல்லும் அப்படித்தான் அடித்துக்கொள்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

சரக், சரக் என்று ஒரு சத்தம்.

"மண்வெட்டி!" என்றான் மாப்பிள்ளை.

அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்புறம் பெரிய ஓட்டை விழுந்தது. கண் கூசுகிற வெயிலில் ராட்டினக்காரரின் மீசை முகம் தெரிந்தது. "பிள்ளைங்களை முதல்ல குடுங்க!" கடைசியாக வெளியே வந்தவள் டிரைவரம்மா. தரையில் கால் பட்டதும் கேட்ட முதல் கேள்வி, "அவ எங்க?"

புல்வெளியில் படுக்க வைத்திருந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு. கண் மூடியிருந்தது. பாதி உடம்பு வெளியே வந்த நிலையில் மண் இறங்கி, மார்பு வரை புதைத்துவிட்டதாம். குன்றின் மறுபக்கம், உடைந்த படகுக் குளத்தடியில் நின்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இவள் கூச்சல்தான் கேட்டிருக்கிறது. பிடித்து இழுத்தவர்களிடம், "என்னை விடுங்க, உள்ள எல்லாரும் உசுரோட இருக்காங்க, இங்க தோண்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினாளாம். நீச்சல் குளத்துக் காவலர்கள் தோண்டினார்கள், ராட்டினக்காரர் தோண்டினார், மண்வெட்டி கிடைக்காதவர்கள் படகுத் துடுப்பால் தோண்டினார்கள்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, விலா எலும்பு இரண்டு விரிசல். பிழைத்துக்கொள்வாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டிரைவரம்மா அதை நம்பவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், கொழுந்தன் அழுதுகொண்டே சொன்னான். ஒன்றும் அவள் மனசில் ஏறவில்லை. கண்ணை மூடினால் கொலுசுக் கால்கள் மண்ணுக்குள் போயின. வார்டின் கதவை யாராவது சாத்தினால் எழுந்து போய்த் திறந்து வைத்தாள். லிஃப்டில் ஏறப் பயந்து மாடிப்படி ஏறி இறங்கினாள். சாவு வீட்டில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் தலையணையைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம், வாலு காலடியில் சுருண்டு தூங்கியது. சின்னவளும் அசையாமல் கிடந்தாள். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள் டிரைவரம்மா. தெரியவில்லை. மெல்லக் குனிந்து, அவள் மூக்கருகே விரலை வைத்தாள்.

சின்னவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"இருக்கேன் அக்கா. காலையிலேர்ந்து இது எத்தனாவது தடவை? போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க."

"போறேன், போறேன்" என்றாள் டிரைவரம்மா. விரலை எடுத்தாள். நாற்காலியை விட்டு எழவில்லை.