இடது தோள்

ஒன்பது கழகங்களுக்கு விளையாடியும் எதிலும் நிலைக்காத ஐரிஷ்காரர் டெக்லன்தான், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் ஈழத்து அகதிகளின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். கோல்கீப்பரான என் இடக்கை தோளுக்கு மேல் எழும்பாது என்பதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

1986இல் நகரக் கழகமொன்று பயிற்சியாளராகக் கூப்பிட்டது; எங்களிடம் சொல்லாமலே அவர் போய்விட்டார். அதே கழகத்துடன் எங்களுக்கு இறுதியாட்டம். கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. டெக்லன் உதைக்கப்போகிறவனை அழைத்து, தன் இடது தோளைத் தட்டிக் காட்டினார். பந்து என் இடப்பக்கம் உயரமாக வந்தது. தோற்றோம்.

முடிந்ததும் சிரித்துக்கொண்டு கைநீட்டினார். நான் திரும்பிக்கொண்டேன்.

"கை குடு தம்பி, அது அவரின்ரை தொழில்," என்றார் எங்கள் கப்டன் மகேந்திரராஜா அண்ணை.

"ஏலாது அண்ணை. துவக்குப் பிடியால அடிச்சு இந்தத் தோளை உடைச்ச ஆமிக்காரனுக்கு நான் கோல்கீப்பர் எண்டு தெரியாது. இவருக்குத் தெரியும்."