பூட்டில்லாத போர்டு

மூன்று வருஷமாக நான் ஒரே ஒரு கம்ப்யூட்டர் போர்டைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் நான்கு பிராசஸர்கள். இது 2006; இரண்டு பிராசஸர் வைத்த கம்ப்யூட்டரே கடைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நாங்கள் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு நான்கு என்று கிளம்பினோம். ஆசை இருந்தது. இப்போது அலுப்புதான் மிச்சம்.

நான்கும் ஒரே கணக்கில் ஒரே சமயத்தில் கைவைத்தால் கணக்கு குழம்பிவிடும். அதனால் புரோகிராம் எழுதுகிறவர்கள் அங்கங்கே பூட்டுப் போடுவார்கள். ஒன்று முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும். அந்தத் தலைவலியே வேண்டாம், மோதல் வந்தால் போர்டே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் என் போர்டு.

நாலு மணிக்குப் பெங்களூரிலிருந்து மேலாளர் வருகிறார். ஒற்றை பிராசஸரைவிட வேகமாக ஓடாவிட்டால் இந்த வேலையை இன்றோடு இழுத்து மூடிவிடுவார். மதியம் ஓட்டிப் பார்த்தோம். ஒற்றைக்குப் பன்னிரண்டு நொடி. நான்கும் சேர்ந்து பதினான்கு. கூட்டுச் சேர்ந்து வேலையைக் கெடுப்பது மனிதர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

புரோகிராம் எழுதியது ஸமீஹா. முத்தியால்பேட்டைப் பெண், இரண்டு வருஷமாக என்னோடு வேலை செய்கிறாள். அவள் எழுதியதைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் பூட்டு; ஒன்று ஓட, மற்ற மூன்றும் காத்துக்கிடக்கின்றன.

"என்னம்மா இது? பூட்டே வேணாம்னுதானே இத்தன வருஷமா மாரடிக்கிறேன்?"

"விடை தப்பா வந்தா, 'எதுக்கும் ஒரு பூட்டுப் போட்டுப் பாரு'ன்னு சொன்னது யாரு சார்? நீங்கதான். போட்டதும் சரியா வரும். 'ஆச்சு, விடு'ன்னு எழுந்து போயிடுவீங்க. அப்புறம் எடுக்கச் சொல்லவே இல்லியே."

உண்மைதான். ஒவ்வொரு முறையும் சோர்வில் அப்படித்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துடட்டுமா சார்? பத்து நிமிஷம் போதும்."

மணி மூன்றரை. எடு என்று சொல்லவேண்டியது நான்தான். ஆனால் எந்தப் பூட்டுக்கு அடியில் போர்டின் எந்தக் கோளாறு கிடக்கிறதோ? மேலாளர் எதிரே விடை தப்பாக வந்தால்? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

"ரெண்டு மூணு மட்டும் இருக்கட்டும்மா."

"எந்த ரெண்டு மூணு சார்?"

எனக்குத் தெரியவில்லை. கட்டியவனுக்கே நம்பிக்கை இல்லாத போர்டை ஊரில் யார் நம்பி வாங்குவார்கள்? நாலு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றபோது, ஒன்றையும் எடுக்க வேண்டாம், பதினான்கு நொடியே ஓடட்டும் என்று ஸமீஹாவிடம் சொல்லிவிட்டேன்.