பதினோராவது கேள்வி

...இல்லை, இது வேறு யாரோ, அதே தெருவில் அதே கதவெண்ணில் வேறு யார் இருக்க முடியும் என்று தன்னைத்தானே கேட்டுத் தலையில் குட்டிக்கொண்டாள், படிவத்தில் பதில் சொன்னவர் என்ற இடத்தில் மாமனாரின் கோணல் கையெழுத்து வேறு. அவரவர் தெருப் படிவம் அவரவர் மேசைக்கு வரக்கூடாது என்பது புள்ளியியல் அலுவலக விதி, பக்கத்து மேசைக்காரி இன்று லீவு, அவளுடைய கட்டு இவளிடம் வந்துவிட்டது. மாவட்டம் மாவட்டமாக எத்தனை பேர் வெளிநாடு போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு மாதமாக எண்ணுகிறாள், துறைமுக மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினெட்டு, மலை மாவட்டத்தில் மூன்றுதான்... பதினோராவது கேள்வி, சென்றவருக்குத் திரும்பி வரும் எண்ணம் உண்டா, அதில் எத்தனை ஆயிரம் ‘இல்லை’களைத் தட்டியிருப்பாள், ஒன்றுகூட விரலைச் சுட்டதில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அவள் கணவன் பெயருக்கு நேரே, நீல மையில், ‘இல்லை.’

மாமாவுக்குக் கண் சரியில்லை, கட்டம் மாறியிருக்கும்... ஆனால் ஓரத்தில் ‘அங்கேயே இருப்பான்’ என்று எழுதியும் இருக்கிறதே, அவருக்கு எப்படித் தெரியும், போன ஞாயிறுகூட அவன் போனில் “இன்னும் ஒரு வருஷம்தான், பொறுத்துக்கோ” என்றானே, போன வருஷமும் அதே ஒரு வருஷம்தானே, அப்பாவிடம் ஒன்று பெண்டாட்டியிடம் ஒன்றா? “என்னம்மா, ஆறாவது மாவட்டம் முடிஞ்சுதா? நாலு மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பணும்” என்றார் மேலாளர். “ஒரு படிவம்தான் சார் பாக்கி” என்று வாய் சொன்னது. வராந்தாவுக்குப் போய் மாமனாருக்குப் போன் போட்டாள். “மாமா, கணக்கெடுக்க வந்தவங்க கொடுத்த படிவத்தை நீங்கதானே நிரப்பினீங்க?” அந்தப் பக்கம் டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. “நீ வீட்டுக்கு வாம்மா, பேசிக்கலாம்.”

எதைப் பேசுவது, கட்டம் மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அதை ஏன் சொல்லவில்லை... திரையில் பதினோராவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது, மணி மூன்று ஐம்பது. சாயங்காலம் கைப்பையை வைப்பதற்குள் “பையன் பேசினானாம்மா?” என்று கேட்பாரே, கேட்டுக் கேட்டு எரிச்சல்கூட வருமே, கடைசியாக எப்போது கேட்டார்? படிவத்தின் தேதியைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள், அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் கேட்கவில்லை, ஒரு மாதம், இல்லை, அதற்கும் மேல்... அவர் கேட்பதை நிறுத்தியபோது, அப்பாடா, கிழவருக்கு ஒருவழியாகத் தைரியம் வந்துவிட்டது என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.