குளியலறைச் சுவரில் ஒரு கோடு

அண்ணன் தையல்காரன். எதையும் அளக்காமல் நம்பமாட்டான். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் நாய்க்குட்டிகளைச் சான்றிதழோடு வாங்கி வந்த அன்றே, குளியலறைச் சுவரின் நடுவில் இருபத்திரண்டு அங்குலம் அளந்து, கதவிலிருந்து கடைசிவரை மட்டமாகப் பென்சிலால் கோடு போட்டுவிட்டான். வளர்ந்த பெண் நாயின் தோள் அதற்குக் குறையக் கூடாது என்பது இனக் கையேட்டின் சட்டம்.

"வளந்தப்புறம் ஒண்ணுதான் இருக்கணும்னு வீட்டு ஓனர் சொல்லிட்டார். கோட்டைத் தொடறது நமக்கு. தொடாதது, நாய் கேட்டுக்கிட்டிருக்கிற வேன் டிரைவருக்கு" என்றான்.

மாதாமாதம் குளிப்பாட்டும்போது அளந்தான். ஒன்று எப்போதும் உயரம், மற்றது எப்போதும் குட்டை. உயரத்துக்குச் செல்லி என்று பெயர் வைத்தேன், மடியில் போட்டு வளர்த்தேன். போகப்போகிற குட்டைக்குப் பெயர் வைக்கவில்லை. காலடியில் வந்து படுத்தால்கூட "அந்தப் பக்கம் போ" என்று மூலைக்கு அனுப்பிவிடுவேன். பாசம் வைத்துவிட்டு அப்புறம் யார் அழுவது?

ஒன்றரை வருடம் கழித்து, நாய்க் கண்காட்சிக்கு இரண்டையும் கூட்டிப் போனோம். குட்டையை வாங்கிக்கொள்ள டிரைவர் அங்கேயே வந்திருந்தார்.

அளவு பார்ப்பவர் செல்லியை நிறுத்தி அளவுகோலை இறக்கினார். "அரை அங்குலம் குறையுது. எடுக்க முடியாது."

"சும்மா இருங்க சார், நல்லா அளங்க" என்றான் அண்ணன். மூன்று முறை அளந்தும் அரை அங்குலம் குறைவுதான். கோபத்தில் குட்டையை இழுத்து நிறுத்தினான். இருபத்திரண்டரை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக நாய் வளருமா? அண்ணன் தைத்த சட்டைகள் மேலேயே சந்தேகம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. செல்லிக்குத் தண்ணீர் என்றால் பயம், கதவோரம்தான் நிற்கும். குட்டை தண்ணீரைத் தேடிப் போய் வடிகால் ஓட்டையருகே நிற்கும். தரை கதவோரம் மேடு, அங்கே பள்ளம். கோடு மட்டும் நேராக இருந்தது.

சொன்னேன்.  அண்ணன் செல்லியின் கயிற்றை டிரைவரிடம் நீட்டினான்.

"அண்ணா, வேணாம். அது என் செல்லி."

"அப்ப இதைக் குடுத்துடலாமா? சொல்லு."

எதைச் சொல்ல? கையேட்டின்படி இதுதான் சரியான நாய். என்ன குற்றம் செய்ததென்று ஒன்றரை வருடம் மூலைக்கு அனுப்பினேன்?   அதற்குள் டிரைவர் செல்லியோடு கிளம்பிவிட்டார். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

திரும்பும்போது வண்டியில் நானும் மற்றதும் பின்னால் உட்கார்ந்தோம். நான் பார்த்ததுமே அது எழுந்து, தானாகப் போய் மூலையில் படுத்துக்கொண்டது. பக்கத்தில் கூப்பிட வேண்டும் போலிருந்தது. என்னவென்று கூப்பிடுவதென்று தெரியவில்லை.