பைரவர் முதுகைக் காட்டினார்

அப்பா வாகனப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். மனிதர்களைக் காக்கவைத்தே பழகியவர். ஓய்வுபெற்ற பிறகு வெளியாட்கள் யாரும் சிக்காததால் எங்களைக் காக்கவைத்தார். அவர் குடும்பத்தோடு மலைக்கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னபோது, என் வீட்டுக்காரரையும் அழைத்தது எனக்கே ஆச்சரியம்தான். பைகளைத் தூக்க ஆள் வேண்டும் என்பது பேருந்து நிலையத்தில் விளங்கியது.

என் வீட்டுக்காரர் இறைச்சிக் கடையில் வெட்டும் வேலை பார்க்கிறார். நானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. அப்பா உறவினர்களிடம் சொல்லிவைத்திருப்பது ‘குளிர்பதனத் துறை’. கடையில் ஆளுயரக் குளிர்பெட்டிகள் இருப்பதால் அதை முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. என் கல்யாணப் பந்தியில் அம்மாவின் தம்பி மட்டும், “மாப்பிள்ளை கறி வெட்டுறாரு, களவா எடுக்கிறாரு? அதை எதுக்கு மூடி மறைக்கணும்?” என்று சபையறியக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மாமா பெயரை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் கடுகடுத்துவிடும்.

மலையடிவாரத்து விடுதி மேலாளர் அறைச் சாவியோடு அறிவுரையையும் கொடுத்தார். அந்த ஊரில் மனிதர்களைவிட விலங்குகளுக்குத்தான் வேலை அதிகம் என்று தெரிந்தது. குரங்கு எதையாவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் பீடை ஒழிந்தது. கண்ணாடியைப் பிடுங்கினால் ரொம்ப விசேஷம். பல்லி சொன்னால் நின்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் மலை நாய்கள். அவை பைரவரின் காவலர்கள். ஒருவரோடு கூடவே அவை படியேறினால் அவர் மனசில் கறையில்லை என்று அர்த்தம். ஒருவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தால் அவர் வீட்டாரிடம் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். வாழ்நாளில் அவர் எதிர்க்கேள்வி கேட்காத முதல் அதிகாரி அந்த மேலாளர்தான்.

மறுநாள் காலை நாங்கள் படிக்கட்டை நெருங்கும்போதே செம்பழுப்பு நிற நாய் ஒன்று எழுந்து வந்தது. அப்பா கம்பீரமாக நின்றார். அது அவரைச் சுற்றிக்கொண்டு போய் என் வீட்டுக்காரரின் தோள்பையை முகர்ந்தது. பிறகு அவர் காலோடு ஒட்டி நடக்க ஆரம்பித்தது. அவர் தினமும் கடைக்கு எடுத்துப்போகும் பை அது. எத்தனை முறை துவைத்தாலும் நாய் மூக்குக்கு அது கறிக்கடைதான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கூட்டத்துக்குத் தெரியாதே. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு பெண் தன் கைக்குழந்தையை நீட்டி, தலையில் கைவைத்து வாழ்த்தச் சொன்னாள். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே வைத்தார்.

அப்பாவால் தாங்க முடியவில்லை. முதல் மண்டபத்தில் உட்கார்ந்ததும் பிஸ்கெட் பொட்டலம் வாங்கிப் பிரித்து நாயை அழைத்தார். நாய் வந்தது, மரியாதையாக எல்லாவற்றையும் தின்றது. தின்று முடித்ததும் திரும்பி, அப்பாவுக்கு முதுகைக் காட்டி, பையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. லஞ்சம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காதவர்கள் மேல் அப்பாவுக்கு எப்போதுமே தனிக் கோபம் உண்டு. இப்போது கோபத்தைக் காட்டவும் வழியில்லை.

பக்கத்தில் பூ விற்ற அம்மாள் பார்த்துவிட்டாள். மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் மேலே போயும் பலனில்லை என்றாள். அப்பாவின் நெற்றி வியர்த்தது.

அம்மா அவர் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டாள். “என்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?”

அப்பா முதலில் சில்லறைக் குற்றங்களாகப் பார்த்து எடுத்துவைத்தார். நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு டீக்கடையில் சர்க்கரை போட்டு டீ குடிப்பதை ஒப்புக்கொண்டார். அம்மா நாயைப் பார்த்தாள். அது காதைச் சொறிந்துகொண்டதே தவிர அசையவில்லை. அம்மாவின் பழைய தையல் இயந்திரம் தொலைந்துபோகவில்லை, சத்தம் பொறுக்காமல் தானே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

“இதுக்கெல்லாம் பைரவர் முதுகைக் காட்ட மாட்டாரு,” என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “மாமா, அது வந்து... இந்தப் பையிலதான்...” என்று ஆரம்பித்தார். நான் அவர் தொடையில் அழுத்திக் கிள்ளினேன்.

அப்பா நாயின் முதுகைப் பார்த்தபடியே பேசினார். “உன் ஆபரேஷன் அப்போ உன் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசல்லயே நிறுத்திட்டேன். ‘உன் முகத்துல முழிக்க உன் அக்காவுக்கு இஷ்டமில்லை’ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

என் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் நடந்த அறுவை சிகிச்சை அது. தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மா இத்தனை வருடமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். அவரோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. மாமா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, “ரத்த பாசம்னா இவ்வளவுதான்” என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார்.

அம்மா எழுந்து மண்டபத் தூண் ஓரமாகப் போய்க் கைப்பேசியை எடுத்தாள்.

“நான்தான்டா. ஆஸ்பத்திரிக்கு வந்தியா?”

அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். புடவைத் தலைப்பு வாயருகே போனது.

“ஏன்டா, அத்தான் சொன்னா அப்படியே நம்பிடுவியா? நான் அப்படிச் சொல்றவளா?” என்றாள். பிறகு, “நானும்தான் நம்பினேன்,” என்று தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

சாமி பார்க்க என் வீட்டுக்காரரோடு அம்மா முன்னால் ஏறினாள். நாய் அவர்களோடு போனது. சொல்லிவிட்டோமே, இனியாவது திரும்பிப் பார்க்கக் கூடாதா என்ற நப்பாசையோடு அப்பா அதன் பின்னாலேயே மூச்சிரைக்க நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை ஒருவர் காக்கவைத்தார், அதுவும் வாலாட்டாமல்.

இறங்கும்போது என் வீட்டுக்காரர் அம்மாவிடம் தனியாகப் பையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் செரிக்காது.

“தெரியும் மாப்பிள்ளை,” என்றாள் அம்மா. “எனக்கும் மூக்கு இருக்கு. நாய் எதுக்கு வந்தா என்ன, அவர் வாயைத் திறந்தாரே.”

ஊர் திரும்பும் வழியில் மாமா ஊர் நிறுத்தத்தில் அம்மா இறங்கிக்கொண்டாள். அப்பாவும் எழுந்தார். உங்களைக் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா தினமும் எனக்குப் போன் செய்து, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், அம்மா எப்போது வருவாள் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

அம்மா ஒருநாள் மாமாவோடுதான் வந்தாள். அப்பாவே கதவைத் திறந்தார். மாமாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “நல்லா இருக்கீங்களா அத்தான்?” என்றார். அவர்தான் பெரிய மனுஷன்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா தன் தம்பிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். கரண்டியை அப்பா கையில் கொடுத்தாள். மாமா போதும் போதும் என்று தட்டைக் கையால் மறைக்க, அப்பா நின்றுகொண்டே பரிமாறினார். உட்காருங்கள் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை.