மெழுகுக் கை

...யானையின் வாலைப் பிடித்தே நிறுத்தும் இந்தக் கை, வருகிற திங்கட்கிழமை காலையில் பாருங்கள், பேனாவெல்லாம் இதற்கு ஒரு பொருட்டா என்று ஃபெர்ரிக்குக் காத்திருந்த அத்தனை பேரிடமும் ஐரீன் அளந்துவிட்டாள், மூன்று மாதமாக வாதத்தில் விறைத்துக் கிடக்கும் புருஷனின் வலது கையைத் தானே தூக்கிக் காட்டி. நம்பாதவர்களும் தலையாட்டினார்கள். நம்பாமலும் தலையாட்டாமலும் நின்றவர் ஒருவர்தான், கைக்குச் சொந்தக்காரர் வில்லியம்.

இப்போது ஃபெர்ரி பாதிக் கடலில், அவள் மடியில் ஈரத்துணி, துணிக்குள் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்த மெழுகுக் கை. புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் இன்று திருநாள், பீடத்தில் வைத்துவிட்டால் போதும், இவர் கை வந்துவிடும், எத்தனை பேருக்கு வந்திருக்கிறது... வெயிலா இது, கடலில் மீன்கள் வெந்து மிதக்கின்றன, காகமொன்று அவள் குடைக்குள் இடம் கேட்கிறது. துணிக்குள் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் எங்கே? ஆள்காட்டி விரலோடு ஒட்டிவிட்டதா, அம்மாளே? மணிக்கட்டு வரை போதும் என்றுதான் மெழுகுவர்த்திக்காரன் சொன்னான், அவள்தான் முழங்கை வரை கேட்டாள், பெரிதாகக் கொடுத்தால்தானே பெரிதாகக் கிடைக்கும், பாவி மலிவு மெழுகைக் கலந்துவிட்டானோ... உருகக்கூடாதது உருகுகிறது. ஆபீஸ் துரையின் மனசு உருகியதா? அவள் அழுத அழுகையில் அவர் மேசையே மிதந்தது, மனிதர் அசையவில்லை. திங்கட்கிழமை பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும், முடியாவிட்டால் வேறு கிளார்க் என்றுவிட்டார். வேலை போனால் ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடு போகும், மகள் ரீத்தாவின் பள்ளிக்கூடம் போகும், பிறகு? விரலில்லாத கையைக் கொடுத்தால் அம்மாளும் விரலில்லாத கையைத்தானே தருவாள்?

“என்ன, உருகிருச்சா?”

“ஒண்ணும் உருகல. நீங்க அந்தப் பக்கம் பாருங்க.”

“கோயிலுக்குப் போறதுக்குள்ள உன் மடியில கஞ்சிதான்லா இருக்கும்.”

“வாயைக் கழுவுங்க. யாரு கைக்கு இத்தனை பாடு?”

“இது செத்துருச்சு ஐரீன். செத்ததுக்குப் பூசை வைக்கணும், நேர்ச்சை வைக்கக்கூடாது.”

செத்தது என்றால்... அப்படிச் சொல்லலாமா, அவரே சொன்னால் அம்மாள் என்ன நினைப்பாள்? கொஞ்சம் காற்றுப் பட்டால் இறுகும் என்று எழுந்து கம்பியோரம் போனாள், வில்லியமும் பின்னாலேயே வந்தார், துணியை விலக்கினாள், அதற்குள் ஓர் அலை, ஃபெர்ரி ஒரு குலுக்குக் குலுக்க, மெழுகு விலாங்கு போல வழுக்கிக் கம்பியைத் தாண்டியது. அவள் அலறிய அலறலில் எதிர்க்கரை பட்டர்வொர்த் கூரைகளில் நூறு ஓடாவது பெயர்ந்திருக்கும். கண்ணை மூடினாள். போயிற்று, வேலை, வீடு, எல்லாம்... தண்ணீரில் விழுந்த சத்தம் ஏன் கேட்கவில்லை? கண்ணைத் திறந்தால் மெழுகுக் கை கடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கை அதைக் கவ்வியிருக்கிறது. யார் கை? இவருடைய இடது கையில் தொப்பி இருக்கிறதே, அப்படியானால்... இன்னும் கோயிலுக்கே போகவில்லையே, செலுத்தாத நேர்ச்சைக்கு அம்மாள் முன்கூட்டியே கொடுப்பாளா, கொடுத்ததைத் திங்கட்கிழமை வரை விட்டுவைப்பாளா?

“நீங்களா புடிச்சீங்க?”

இளகிய மெழுகில் புதைந்த தன் விரல்களை வில்லியம் யாரோ வேற்றாளின் விரல்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஆமா ஐரீன், புடிச்சுருச்சு. நெசந்தான்,” என்றார். “விடத்தான் மாட்டேங்குது.”